ஜப்பானில் குடும்பத்தோடு ஒரு வாரம்: டோக்கியோவா, ஒசாகாவா, கியோட்டோவா?

ஜப்பானுக்கு முதன்முறையாகக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். லீவு ஏழெட்டு நாள். கூட இரண்டு பிள்ளைகள், சில வீடுகளில் தாத்தா பாட்டியும். எந்த ஊரில் தங்குவது? கிடைக்கிற பயணத் திட்டங்களோ டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா என்று ஒரே மூச்சில் ஓடுகின்றன. முதுகில் ஒற்றைப் பையோடு தனியாக வருகிறவருக்கு அது சரி. நான்கு பேர், மூன்று பெட்டி, ஒரு ஸ்ட்ரோலர் என்று வருகிற குடும்பத்துக்கு அது தண்டனை.

குடும்பப் பயணத்தின் செலவையும் அலுப்பையும் தீர்மானிப்பது எத்தனை இடம் பார்க்கிறோம் என்பதல்ல, எத்தனை முறை ஹோட்டல் மாறுகிறோம் என்பதுதான். ஏழெட்டு நாளுக்கு ஒரே ஊரில் தங்குவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. பத்து நாளைத் தாண்டினால் இரண்டு ஊர் வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு ஊர் எது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

## எதை வைத்து எடைபோடுவது

நடை. ஜப்பானிய நகரங்களில் ரயில் போகாத இடம் குறைவு. ஆனால் ரயில் ஏறுவதற்குள்ளேயே நிறைய நடக்க வேண்டும். பெரிய ஸ்டேஷன்களில் ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு மாறப் பத்து நிமிடம் பிடிக்கும். லிஃப்ட் இருக்கும், ஆனால் நீளமான பிளாட்பாரத்தின் ஏதோ ஒரு முனையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களும் ஸ்ட்ரோலரில் குழந்தையும் கூட வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அறை. பல ஹோட்டல்களில் கட்டணம் தலைக்கணக்கில் ஏறும். இருவர் அறை என்றால் இருவருக்குத்தான். பள்ளி வயது வராத பிள்ளை பெற்றோர் கட்டிலிலேயே படுத்துக்கொண்டால் பல இடங்களில் கட்டணமில்லை. அந்த வயதைத் தாண்டினால் தனிப் படுக்கைக்குப் பணம் கட்ட வேண்டும். நான்கு பேருக்குப் பெரும்பாலும் இரண்டு அறை போட நேரும், இல்லாவிட்டால் சமையலறையோடு கூடிய அடுக்ககப் பாணி ஹோட்டலைத் தேட வேண்டும். மிமாரு என்ற ஹோட்டல் வரிசை மூன்று ஊர்களிலும் இந்த வகை அறைகளை வைத்திருக்கிறது. அரிசி கொண்டுபோய்ச் சோறு வடித்துச் சாப்பிடுகிற வீடுகளுக்கு அந்தச் சின்ன அடுப்பு பெரிய நிம்மதி.

சாப்பாடு. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. சைவம் என்றால் ஊருக்கு ஊர் நிலைமை நிறையவே மாறும்.

கூரை. ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். அதன்பின் ஆகஸ்ட் முடியும்வரை 35 டிகிரி வெயில், கூடவே புழுக்கம். பிள்ளைகளோடு நாள் முழுக்க வெளியில் சுற்ற முடியாது. உள்ளே போய் உட்கார ஊரில் என்ன இருக்கிறது?

சுற்றுவட்டாரம். காலையில் போய் இரவு திரும்பும்படி பக்கத்தில் என்னென்ன ஊர்கள், அங்கே போக எவ்வளவு ஆகும்?

## டோக்கியோ: ஊரே ஒரு காட்சி

ஜப்பானிய நகர வாழ்க்கையைப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கமானால் டோக்கியோவுக்கு இணை இல்லை. யாமனோதே என்ற வட்ட ரயில் 30 ஸ்டேஷன்களைச் சுற்றிவர ஒரு மணி நேரம் ஆகும். அதன் ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு தனி ஊர். ஷிபுயாவில் சிக்னல் விழுந்ததும் ஐந்து பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஒரே நேரத்தில் தெருவில் இறங்குவார்கள். அகிஹபாராவில் மாடி மாடியாகப் பொம்மைக் கடைகள். உவேனோவில் ஒரே பூங்காவுக்குள் மிருகக்காட்சி சாலை, தேசிய அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம் மூன்றும் இருக்கின்றன. மழை பிடித்துக்கொண்டால் அங்கேயே ஒரு நாள் போய்விடும்.

தங்க நான் சொல்லும் இடம் உவேனோ அல்லது அசகுசா. மேடு பள்ளம் இல்லாத பகுதி, ஷின்ஜுகுவை விட விலையும் குறைவு. நரிதா விமான நிலையத்திலிருந்து ஸ்கைலைனர் ரயில் முக்கால் மணி நேரத்துக்குள் உவேனோவில் கொண்டுவந்து விடும். அசகுசாவுக்கு நரிதா, ஹனேடா இரண்டிலிருந்துமே மாறாமல் வரும் ரயில்கள் உண்டு. அங்கே இருக்கும் சென்சோ-ஜி டோக்கியோவின் மிகப் பழைய புத்தர் கோயில். பகலில் அதன் கடைத்தெருவில் நகர இடமிருக்காது. விடிகாலையில் எழுந்து பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போனால் வாசலில் தொங்கும் அந்த ராட்சதச் சிவப்பு விளக்கின் கீழ் நிதானமாக நிற்கலாம். பக்கத்துத் தெருவில் தங்கியிருப்பவர்களுக்கு மட்டுமே அது சுலபம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் மூன்று ஊர்களில் டோக்கியோதான் எளிது. டோக்கியோ ஸ்டேஷனுக்கு உள்ளேயே டீஸ் தான்தான் என்ற கடையில் முட்டைகூடச் சேராத ராமென் என்ற நூடுல்ஸ் கிடைக்கும். நகரின் கிழக்கே நிஷி-கசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன. மளிகைக் கடையும் இட்லி தோசையும் அங்கே உண்டு. இந்திய விடுதலைப் போராட்ட வீரர் ராஷ் பிஹாரி போஸ் டோக்கியோவில் தஞ்சம் புகுந்து, ஷின்ஜுகுவின் நகமுராயா கடைக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அவர் சொல்லிக்கொடுத்த கோழிக் குழம்பை 1927இல் அந்தக் கடை பரிமாறத் தொடங்கியது, இன்றும் பரிமாறுகிறது. இந்திய தேசிய ராணுவத்தின் கதையைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது சும்மா ஒரு சாப்பாட்டுக் கடை அல்ல.

இனி, மறைந்திருக்கும் செலவுகள். டோக்கியோவில் ரயில் என்பது ஒரே நிறுவனம் அல்ல. ஜே.ஆர். ஒன்று, டோக்கியோ மெட்ரோ ஒன்று, தோஏய் சுரங்க ரயில் வேறொன்று, இவை போகத் தனியார் லைன்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் அடிப்படைக் கட்டணம் மறுபடி விழும். மெட்ரோ, தோஏய் இரண்டுக்கும் சேர்த்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு 24, 48, 72 மணி நேர டிக்கெட் தருகிறார்கள். முதல் கேட்டைக் கடக்கும் நிமிடத்திலிருந்துதான் நேரம் ஓடும் என்பதால் அதை மதியம் தொடங்கினாலும் நஷ்டமில்லை. 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீ, டீம்லேப் ஒளிக்கூடம் போன்றவை நான்கு பேருக்குச் சேர்த்துப் பார்த்தால் கணிசமான தொகை. உயரத்திலிருந்து ஊரைப் பார்ப்பதுதான் ஆசை என்றால் ஷின்ஜுகுவில் டோக்கியோ அரசுத் தலைமையகத்தின் 45ஆம் மாடிக்கு இலவசமாகவே ஏறலாம். டிஸ்னிலேண்ட் என்று பிள்ளைகள் கேட்டால் அதற்கு ஒரு முழு நாளை எழுதிவைத்துவிடுங்கள்.

குறை என்று பார்த்தால் தூரமும் நடையும்தான். ஷின்ஜுகு ஸ்டேஷனுக்குச் சுமார் 200 வாசல்கள். தப்பான வாசலில் வெளியே வந்தால் கால் மணி நேரம் போச்சு. காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ஸ்ட்ரோலரோடு ரயில் ஏறவே கூடாது. காமகுராவின் வெண்கலப் புத்தர் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறார், சரி. நிக்கோவும் ஹகோனேவும் போக வர நான்கைந்து மணி நேரம் தின்றுவிடும்.

பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியவர்கள், சைவச் சாப்பாடு முக்கியம், கோயில்களைவிடத் தெருவும் கடையும் அறிவியல் கூடமும் பிடிக்கும் என்றால் டோக்கியோவில் தங்குங்கள். வேறெங்கும் போகாவிட்டாலும் ஒரு வாரம் போதாது.

## ஒசாகா: சின்னப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும்

பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தாலோ, அறுபதைத் தாண்டியவர்கள் கூட வந்தாலோ நான் தயங்காமல் சொல்வது ஒசாகாதான். பலர் இந்த ஊரைக் கியோட்டோவுக்குப் போகும் வழியில் ஓர் இரவு மட்டும் தங்கிவிட்டுக் கடந்துபோகிறார்கள். அது வீணடிப்பு.

முதல் காரணம் அமைப்பு. மிடோசுஜி என்ற ஒரே சுரங்க ரயில் லைன் ஷின்-ஒசாகா, உமேதா, ஷின்சாய்பாஷி, நம்பா, தென்னோஜி என்று ஊரின் முக்கிய இடங்களை வரிசையாகக் கோத்துவைத்திருக்கிறது. நம்பாவில் தங்கினால் மாலை முழுவதும் ரயிலே தேவைப்படாது. கன்சாய் விமான நிலையத்திலிருந்து நன்காய் நிறுவனத்தின் ராபிட் ரயில் நாற்பது நிமிடத்தில் நேரே நம்பாவுக்கு வரும்.

இரண்டாவது காரணம் சுற்றுவட்டாரம். நம்பாவிலிருந்து கின்டெட்சு ரயிலில் மாறாமல் நாற்பது நிமிடத்தில் நாரா, கட்டணம் 700 யென்னுக்குள். இறங்கிக் கொஞ்சம் நடந்தாலே மான்கள் எதிர்ப்படும். ஆயிரத்துக்கு மேற்பட்ட மான்கள் அந்தப் பூங்காவில் கட்டில்லாமல் திரிகின்றன. பிஸ்கட் கட்டைப் பிரிக்கும் முன்பே சட்டையைப் பிடித்து இழுக்கும். சின்னப் பிள்ளைகளைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். தோதாய்-ஜி கோயிலில் சுமார் 15 மீட்டர் உயரப் புத்தருக்குப் பின்னால் ஒரு மரத்தூண் இருக்கிறது, அடியில் ஒரு துளை. அந்தப் புத்தரின் மூக்குத் துவார அளவு என்று சொல்வார்கள். பிள்ளைகள் அதற்குள் நுழைந்து மறுபக்கம் வருவதற்கு வரிசை கட்டி நிற்பார்கள். உமேதா பக்கமிருந்து கியோட்டோவுக்கு ஜே.ஆர். விரைவு ரயிலில் அரை மணி நேரம், 600 யென்னை ஒட்டித்தான் டிக்கெட். கோபே அதைவிடப் பக்கம். யுனெஸ்கோ பட்டியலில் 1993இல் இடம்பெற்ற ஹிமேஜி கோட்டை ஒரு மணி நேரம். ஷின்கான்சென் எனப்படும் புல்லட் ரயிலில் காலே வைக்காமல் இத்தனையும் பார்த்துவிடலாம்.

மழையோ வெயிலோ அடித்தால் கையுகான் மீன்காட்சியகம் இருக்கிறது. 9 மீட்டர் ஆழத் தொட்டியில் திமிங்கலச் சுறா நீந்த, தொட்டியைச் சுற்றிச் சுற்றி மேலிருந்து கீழே இறங்கிவரும்படி பாதை. ஒசாகா கோட்டையின் இப்போதைய கோபுரம் 1931இல் கான்கிரீட்டில் எழுப்பியது. பழமையை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அது குறைதான், ஆனால் உள்ளே லிஃப்ட் இருப்பதால் பாட்டியும் மேலே வரலாம். 2001இல் திறந்த யூனிவர்சல் ஸ்டுடியோஸ் ஒரு முழு நாள். அங்கேதான் மறைசெலவும் இருக்கிறது: கூட்ட நாளில் வரிசையைத் தாண்டிப் போக விற்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் நுழைவுச் சீட்டின் விலையையே மிஞ்சிவிடக்கூடும். பள்ளி நாட்களில் போனால் அது தேவையில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். டோட்டோன்போரி கால்வாய்க்கரையில் தகோயாகி சுடுவதை நின்று பாருங்கள், டிக்கெட் இல்லாத காட்சி அது. குழிகள் நிறைந்த இரும்புத் தட்டில் எண்ணெய் தடவி, தண்ணீராகக் கரைத்த மாவைக் குழிகளைத் தாண்டி வழிய ஊற்றுவார்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு துண்டு ஆக்டோபஸ், மேலே வெங்காயத்தாளும் சிவப்பு இஞ்சியும். அடிப்பக்கம் வெந்ததும் இரண்டு ஊசிகளால் வழிந்த மாவை அறுத்து உள்ளே தள்ளித் தள்ளித் திருப்புவார்கள். நம் குழிப்பணியாரக் கல் தெரிந்தவர்களுக்குக் கை போகிற போக்கு உடனே பிடிபடும். ஆனால் இது உள்ளே கூழாகவே இருக்கும், கொதிக்கக் கொதிக்கத் தருவார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது இரண்டாகப் பிட்டு ஆறவையுங்கள்.

சைவர்களுக்கு ஒசாகா சிரமம், இதை மறைக்க விரும்பவில்லை. தகோயாகியில் ஆக்டோபஸை விடச் சொன்னாலும் மாவு கரைப்பது தாஷி என்ற சாற்றில். சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டு உலர்த்தி, மெல்லிசாகச் சீவிக் கொதிக்கவைத்த சாறு அது. மாசிக் கருவாடு தெரிந்தவர்களுக்கு மணம் உடனே புரியும். உடோன் நூடுல்ஸ் குழம்பு, மிசோ சூப், ஒகோனோமியாகி என்ற கோஸ் அடை என்று எதிலும் அது கலந்திருக்கும். ஒசாகாவில் சமையலறை உள்ள அறை எடுப்பது சைவக் குடும்பங்களுக்கு வசதி என்பதைத் தாண்டி அவசியம்.

## கியோட்டோ: அழகுக்கு ஒரு விலை

794 முதல் 1868 வரை தலைநகராக இருந்த ஊர். 1994இல் இங்கும் பக்கத்து ஊர்களான ஊஜி, ஒட்சுவிலும் உள்ள 17 இடங்களைச் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பார்க்க மட்டும் என்றால் மூன்று ஊர்களில் இதுதான் முதலிடம், சந்தேகமே இல்லை. தங்கும் ஊராக, பிள்ளைகளோடு என்றால் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

சுரங்க ரயில் இரண்டே லைன்தான். பல கோயில்களுக்குப் பஸ்தான் வழி. சீசனில் அந்தப் பஸ்களில் நிற்க இடமிருக்காது, ஸ்ட்ரோலரை மடித்துக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். கியோமிசு கோயிலுக்கு ஏறுவது சரிவுத்தெரு, பல கோயில் வளாகங்களில் சரளைக்கல். பெரும்பாலான கோயில்கள் மாலை ஐந்துக்குள் மூடிவிடும். அதன்பின் பிள்ளைகளுக்கு ஊரில் செய்ய அதிகமில்லை. தங்கும் வரி 2026 மார்ச்சிலிருந்து ஒருவருக்கு ஓர் இரவுக்கு 200 முதல் 10,000 யென் வரை, அறையின் விலையைப் பொறுத்து. நடுத்தர அறைக்கு அது பெரிய தொகையல்ல. ஆனால் முன்பதிவில் காட்டிய விலைக்கு மேல் ஹோட்டலில் தனியாகக் கேட்கலாம், தெரிந்துவைத்திருங்கள்.

அப்படியும் கியோட்டோவில் தங்குவது யாருக்கு? விடிகாலையில் எழுகிறவர்களுக்கு. ஃபுஷிமி இனாரியின் ஆயிரக்கணக்கான சிவப்பு வாயில்களுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை, மூடும் நேரமும் இல்லை. கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து இரண்டாவது நிறுத்தம். கியோமிசு காலை ஆறுக்கே திறந்துவிடும். எட்டு மணிக்குள் இவற்றைப் பார்த்துவிட்டு அறைக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டு, மதியத்துக்கு மேல் உமேகோஜி ரயில் அருங்காட்சியகம், பக்கத்திலேயே மீன்காட்சியகம் என்று போகும் குடும்பங்களுக்குக் கியோட்டோ அருமையான ஊர். ஒசாகாவிலிருந்து பகல் பயணமாக வந்து பத்து மணிக்கு இறங்குகிறவர்கள் பார்ப்பது தலைகளைத்தான்.

வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத வீடுகளுக்கு இந்த ஊரில் ஒரு தனி வாய்ப்பு உண்டு. ஜென் துறவிகளின் ஷோஜின் ரியோரி என்ற உணவில் இறைச்சி, மீன், வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. சாறு எடுப்பது கொம்பு என்ற கடற்பாசியிலும் காய்ந்த காளானிலும். கோயில்களை ஒட்டிய உணவகங்களில் முன்பதிவு செய்து சாப்பிடலாம். விலை அதிகம், பரிமாற நேரம் எடுக்கும், சின்னப் பிள்ளைகள் பொறுமை இழப்பார்கள். பெரியவர்கள் ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டிய சாப்பாடு.

## இரண்டு ஊர்: டோக்கியோவும் ஒசாகாவும்

பத்து இரவுக்கு மேல் கிடைத்தால் ஐந்தும் ஐந்துமாகப் பிரிக்கலாம். இதில் முக்கியமான விஷயம் ஒன்றுதான்: டோக்கியோவில் இறங்கி, கன்சாயிலிருந்து ஊர் திரும்பும்படி விமான டிக்கெட் எடுங்கள். போன வழியே திரும்பும் டிக்கெட் சில ஆயிரம் ரூபாய் மலிவாகத் தெரியும். ஆனால் ஷின்கான்சென்னில் டோக்கியோவிலிருந்து கியோட்டோவோ ஒசாகாவோ ஒருவழிக்கு ஏறத்தாழ 14,000 யென். 6 முதல் 11 வயதுவரை பாதி. பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் ஒருவழிக்கே 42,000 யென், திரும்பியும் வந்தால் 84,000.

ரயில் பாஸ் வாங்கினால் மிச்சமாகும் என்று பழைய யோசனையை இன்னும் பலர் சொல்கிறார்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆனது. போக வர 28,000 ஆகிற பயணத்துக்கு அது கட்டுப்படியாகாது.

நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் போகும் பெட்டி இருந்தால், பெட்டி வைக்கும் இடத்தோடு சேர்ந்த இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதைவிட, முந்தின நாளே கூரியரில் ஹோட்டலிலிருந்து ஹோட்டலுக்குப் பெட்டியை அனுப்பிவிடுங்கள். ஒன்றுக்கு மூவாயிரம் யென்னை ஒட்டி ஆகும், மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். இடையில் ஓர் இரவுக்கு வேண்டிய துணி மட்டும் கையில். ரயிலில் ஃபுஜி மலை பார்க்க மேற்கே போகும்போது வலப்பக்க ஜன்னலோர ‘ஈ’ இருக்கை. வானம் தெளிவாயிருந்தால் கிளம்பி முக்கால் மணி நேரத்தில் தெரியும்.

அறையைக் காலி செய்வது பத்து, பதினொரு மணி. அடுத்த ஊரில் அறை கிடைப்பது மூன்று மணி. பிள்ளைகளோடு அந்த இடைவெளி முழு நாளையும் விழுங்கிவிடும். ஏழு நாள் பயணத்தில் ஒரு நாள் இப்படிப் போவதால்தான் குறுகிய பயணத்துக்கு இதை வேண்டாம் என்கிறேன்.

## ஒரே பார்வையில்

| | டோக்கியோ | ஒசாகா | கியோட்டோ | இரண்டு ஊர் |
|---|---|---|---|---|
| ஏற்ற நாட்கள் | 6–8 | 6–8 | 4–6 | 10க்கு மேல் |
| நடைச் சுமை | அதிகம் | குறைவு | சரிவும் பஸ் கூட்டமும் | மாறும் நாள் கடினம் |
| சைவம் | எளிது | சிரமம் | கோயில் உணவு நன்று, விலை அதிகம் | கலவை |
| மழை நாள் | மிக நன்று | நன்று | சுமார் | நன்று |
| பகல் பயணங்கள் | தூரம் | மிக நன்று | நன்று | நன்று |
| மறைசெலவு | ரயில் மாறும் கட்டணம், நுழைவுச் சீட்டுகள் | எக்ஸ்பிரஸ் பாஸ் | தங்கும் வரி, சீசன் விலை | ஷின்கான்சென், கூரியர் |
| யாருக்கு | பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் | சின்னப் பிள்ளைகள், பெரியவர்கள் | விடிகாலை எழுகிறவர்கள் | பொறுமையும் நாளும் உள்ளவர்கள் |

## எந்த ஊரானாலும்

நல்ல ராமென் கடைகளில் பத்து இருக்கைகூட இருக்காது. நான்கு பேர் சேர்ந்து உட்காரக் காத்திருக்க வேண்டும். பதினொன்றரைக்கு மதியச் சாப்பாடு, ஐந்தரைக்கு இரவுச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் வரிசையில் நிற்கும் அவஸ்தை இல்லை. ஒரே கடையில் மதிய செட் விலை இரவைவிடக் குறைவு. இசகாயா எனப்படும், மதுவோடு சிறு உணவுகள் தரும் கடைகளில் உட்கார்ந்ததும் கேட்காமலேயே ஒரு சின்னத் தட்டு வரும். அது தலைக்குச் சில நூறு யென் என்று பில்லில் ஏறும், வழக்கமே அதுதான். சைசேரியா, கஸ்டோ போன்ற குடும்ப உணவகங்களைத் தாழ்வாக நினைக்காதீர்கள். பிள்ளைகள் அலுத்துப்போன மாலையில் பெரிய மேசையும் படம் போட்ட மெனுவும் கிடைப்பது அங்கேதான்.

ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ஊருக்குள் ரயில் இலவசம். ஆறிலிருந்து பதினொன்று வரை, ரயில் கேட்டில் தொட்டுப் போகும் பாதிக் கட்டண அட்டையை ஸ்டேஷன் கவுன்ட்டரில் பாஸ்போர்ட் காட்டி வாங்குங்கள். பெரியவர் அட்டையைக் கொடுத்தால் முழுக் கட்டணம் போய்விடும். பிள்ளைகள் அட்டைக்குப் பல கேட்டுகளில் கீச்கீச் என்று தனிச் சத்தம் வரும், அதற்காகவே அவர்கள் ரயில் ஏற ஆசைப்படுவார்கள்.

கடைசியாகத் தேதி. தமிழ்நாட்டில் பள்ளிக்கு லீவு விட்டதும் கிளம்புகிறவர்கள் ஏப்ரல் 29 முதல் மே 5 வரையான கோல்டன் வீக்கில் நேராகப் போய் விழுகிறார்கள். ஜப்பான் முழுவதும் விடுமுறையில் இருக்கும், ஹோட்டல் விலை ஏறும், ஷின்கான்சென்னில் மிக வேகமான நோசோமி ரயில்களில் முன்பதிவில்லாத பெட்டியே இருக்காது. மே இரண்டாம் வாரத்திலிருந்து மாதக் கடைசி வரை வெயில் இதமாக இருக்கும், மழையும் தொடங்கியிருக்காது, அறைகளும் கிடைக்கும். ஊரை முடிவு செய்வதற்கு முன்பே இந்தத் தேதியை முடிவு செய்துவிடுங்கள்.